தண்டவாளம் அகன்ற பின்னும் தடம்

இருப்புப்பாதை வரலாறு எழுதுவோர் முதல் வண்டி ஓடிய நாளைப் போற்றுவர். கடைசி வண்டி சென்றபின் அந்நிலம் என்னவாயிற்று என்பதைப் பெரும்பாலும் கேளாது விடுவர். ஆயினும் அதுவும் வரலாறே.

வடசென்னை வட்டாரமே இதற்குச் சான்று பகரும். மணலிக்கு மேற்கே உள்ள செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரை 1837இல் ஓர் இருப்புப்பாதை இயங்கியது. சாலை அமைக்கக் கல் சுமப்பதே அதன் பணி. பின்னாளில் கோதாவரி அணைக்கட்டால் புகழ்பெற்ற ஆர்தர் காட்டன் அம்முயற்சிக்கு முன்னின்றவர். பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே 1853இல் பயணிகள் வண்டி ஓடுவதற்குப் பதினாறு ஆண்டுகள் முற்பட்டது இது. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னகத்தின் முதற் பயணிகள் வண்டி புறப்பட்டது. இராயபுரம் நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. செங்குன்றத்துப் பாதையோ தேடினும் கிட்டாதவாறு நகருக்குள் கரைந்துவிட்டது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் உண்டு. கட்டடம் ஓரிடத்தில் நிற்பது. அதைச் சுற்றி வேலியிட்டுக் காத்துவிடலாம். பாதையோ நீண்டு கிடப்பது. அதன் பெருமை அதன் தொடர்ச்சியில் உள்ளது. இடையே ஒரு பகுதி விற்கப்பட்டாலும் எஞ்சியவை வெறும் மனைகளே. மீண்டும் அவற்றைக் கோத்துப் பாதையாக்குதல் அரிதினும் அரிது.

இத்தொடர்ச்சியைக் காக்க மேலை நாட்டார் ஒரு வழி கண்டனர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், எல்ராய் முதல் ஸ்பார்ட்டா வரை கைவிடப்பட்ட இருப்புப்பாதையை அம்மாநில அரசு 1960களில் பெற்று, மூன்று சுரங்க வழிகளோடு மிதிவண்டிப் பாதையாக மாற்றியது. இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கும் பாத் நகருக்கும் இடைப்பட்ட பழைய பாதை 1979 தொடங்கிச் சிறுகச் சிறுக அவ்வாறே மாற்றப்பெற்றது. புகைவண்டி செங்குத்தான மேட்டில் ஏறாது. திடீர் வளைவில் திரும்பாது. எனவே பொறியாளர் மேட்டை வெட்டினர். பள்ளத்தைத் தூர்த்துக் கரை எழுப்பினர். ஆற்றுக்கும் சாலைக்கும் மேலே பாலமிட்டனர். வண்டிக்காகச் செய்த இவ்வசதிகள் அனைத்தும் சிறுவரும் முதியோரும் மூச்சிரைக்காது மிதிவண்டி செலுத்த உதவுகின்றன.

தமிழர் வாழ்வோடு நெருங்கிய சான்று சிங்கப்பூரில் உள்ளது. சென்னைத் துறைமுகத்திலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சென்ற 'ரஜூலா' கப்பல், 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தமிழரைச் சுமந்து சேர்த்த நகர் அது. அங்கு 1903இல் டேங்க் ரோட்டிலிருந்து உட்லண்ட்ஸ் வரை பாதை திறக்கப்பட்டது. தண்டாயுதபாணி கோயில் அமைந்துள்ளதும் அதே டேங்க் ரோட்டில்தான். 1932இல் பாதை புக்கித் தீமாவிலிருந்து திசை திருப்பப்பட்டுத் தஞ்சோங் பகாரில் புதிய முனைய நிலையம் எழுந்தது. கைவிடப்பட்ட பழைய கிளை நகருக்குள் மறைந்தது; செங்குன்றத்துப் பாதைக்கு நேர்ந்ததே அதற்கும் நேர்ந்தது.

மலாயா இருப்புப்பாதைகளில் எழுத்தர், நிலைய அதிகாரி பணிகளில் யாழ்ப்பாணத் தமிழரும், தண்டவாளம் பேணும் கடும் பணியில் தமிழகத்துத் தொழிலாளரும் மிகுதியாக இருந்தனர். சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் பகுதியில், புதிய பாதை வந்த 1932ஆம் ஆண்டளவில், இருப்புப்பாதைத் தமிழர் முனீஸ்வரனுக்கு ஒரு சிறு வழிபாட்டிடம் அமைத்தனர். பல மாற்றங்களைக் கண்ட அது, 1998இல் காமன்வெல்த் டிரைவில் பெருங்கோயிலாகக் குடமுழுக்குக் கண்டது. கூலியாள் விட்டுச்சென்ற சான்று ஏட்டில் உள்ளதைவிட மண்ணிலேயே மிகுதி என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

1965இல் சிங்கப்பூர் தனி நாடான பின்னரும் பாதையும் அதன் நிலமும் மலேசிய இருப்புப்பாதை நிறுவனத்திடமே இருந்தன. 1990இல் ஓர் உடன்பாடு எழுதப்பட்டும் பிணக்கு இருபது ஆண்டுகள் நீடித்து, 2010இல் தீர்ந்தது. 2011 ஜூன் 30 இரவு, தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்ட கடைசி வண்டியை ஜொகூர் சுல்தான் இப்ராகிம் தாமே செலுத்திச் சென்றார். மறுநாள் அந்நிலம் சிங்கப்பூருக்கு உரியதாயிற்று.

நிலத்தைப் பொன்னினும் அரிதாய் மதிக்கும் நகரில், தீவின் தென்முனை முதல் வடமுனை வரை நீண்ட அந்நிலத்தைக் கூறுபோட்டு விற்றிருந்தால் வியப்பதற்கில்லை. அவ்வாறு நேராமைக்கு ஒரு காரணம், கேட்க வேண்டியதைக் காலத்தே கேட்டோர் இருந்தமை. தண்டவாளம் அகற்றப்படுமுன்பே, 2010இல், சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் பாதை முழுவதையும் அறுபடாத பசுமை வழியாகக் காக்க வேண்டும் என்று விரிவான முன்மொழிவு அளித்தது. வண்டிகள் நின்றபின் மக்கள் திரள்திரளாகத் தண்டவாளத்தின்மீது நடந்து சென்று அதன் அருமையை உணர்ந்தனர். அரசும் தொடர்ச்சியைக் காப்பதென முடிவு செய்தது.

இன்று ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வழியில் நடப்போரும் மிதிவண்டியில் செல்வோரும் உள்ளனர். புக்கித் தீமா வட்டாரத்தின் இரு இரும்புப் பாலங்கள் பேணப்பட்டுள்ளன. 2011 வரை எதிரெதிர் வண்டிகள் ஒதுங்கவும், ஓட்டுநர் அனுமதி வில்லையை மாற்றிக்கொள்ளவும் இடமாயிருந்த புக்கித் தீமா நிலையம் 2022இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. பாதையின் ஒரு பகுதிக்கு அடியில் நகருக்கான பெருங்குடிநீர்க் குழாயும் பதிக்கப்பட்டுள்ளது. அறுபடாத நிலம் ஒன்றுக்கு மேற்பட்ட பயன் தரும் என்பது இதனால் விளங்கும்.

துறைமுகமும் ஆலைகளும் சூழ்ந்த வடசென்னையில் சரக்கு வண்டிகள் ஓடும் பாதைகள் பல. ஆலையின் தேவை மாறினால் அதற்கென இட்ட பாதையும் ஒருநாள் ஓயக்கூடும். அந்நாளில் தண்டவாளம் பழைய இரும்பாக எடைக்குப் போகலாம், அதில் இழப்பில்லை. ஆனால் அதைத் தாங்கிய கரையும் பாலமும் துண்டுபட்டால், அவற்றை எழுப்பிய தொழிலாளரின் உழைப்பும், நிழலில் மிதிவண்டி ஓட்ட ஒரு வழியின்றிக் கனவண்டிகளிடையே செல்லும் சிறுவரின் உரிமையும் ஒருங்கே போகும். செங்குன்றத்துப் பாதை மறைந்த காலத்தில் கேட்பார் எவரும் இலர். இனி ஒரு பாதை ஓயும்போது, கூறுபோடும் அளவுகோல் வருமுன்பே கேட்கும் குரல் எழுதல் வேண்டும்.