ஆயிஷா (குறுநாவல்)

இரா. நடராசன் எழுதி, 1990களில் கணையாழியில் வெளிவந்த தமிழ்க் குறுநாவல். அறிவியல் ஆசிரியை ஒருவர் தம் நூலுக்கு எழுதும் முன்னுரையாகவே கதை அமைந்திருக்கிறது. காந்தத்தை வெட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று கேட்கிறாள் பள்ளி மாணவி ஆயிஷா. கேள்வி கேட்பதுதான் அவள் செய்த குற்றம். பதில் தெரியாதவர்கள் பிரம்பை எடுக்கிறார்கள். அடி வலிக்காமலிருக்க வழி தேடியவள், அதைத் தன் உடம்பிலேயே சோதித்து இறந்துபோகிறாள்.

இது தற்கொலைக் கதை அல்ல. ஆனாலும் வகுப்பறைக் கொடுமை ஒரு பிள்ளையை எங்கே தள்ளும் என்பதைத் தமிழில் இவ்வளவு கூர்மையாகச் சொன்ன இளையோர் கதைகள் குறைவு. இதற்கு மாறாக, தற்கொலையை மையமாகக் கொண்ட ஜே ஆஷரின் 2007ஆம் ஆண்டு ஆங்கில நாவலில் இறந்த பெண்ணின் ஒலிநாடாக்கள் மற்றவர்களைக் குற்றக்கூண்டில் ஏற்றுகின்றன. சாவைப் பழிவாங்கலாக்குகிறது என்ற கண்டனம் அதற்கு எழுந்தது. அதன் தொலைக்காட்சித் தொடரிலிருந்த தற்கொலைக் காட்சி 2019இல் நீக்கப்பட்டது. ஆயிஷாவில் சாவைக் கவர்ச்சியாக்கும் அந்தப் போக்கு இல்லை.

இலங்கைப் பாடசாலைகளில் உடல்தண்டனையை 2005/17ஆம் இலக்கச் சுற்றறிக்கை தடுத்தது. கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் பயில்வோர் அச்சுற்றறிக்கையோடு சேர்த்தே படிக்கத்தக்க கதை இது. மனநல உதவிக்கு இலங்கையில் அழைக்கவேண்டிய எண் 1926.