கண்டியின் மணச் சட்டமும் பதிவேட்டுக்கு வெளியே நின்றோரும்

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை செல்லும் வழியில் உள்ளது மஹய்யாவ. நகரின் பொது மயானம் இங்குண்டு. மாநகரசபையின் துப்புரவுத் தொழிலுக்கென ஆங்கிலேயர் காலத்தில் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்களும் இங்கேயே வாழ்கின்றனர். அத்தாட்சிப் பத்திரம் இல்லாவிடின் என்ன நேரும் என்பதை இவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்தமைக்குச் சான்று கேட்டபோது, இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பலர் நாடற்றோராயினர்.

ஒருபாலினத் திருமணம் பற்றிய இன்றைய வாதங்களைக் கேட்கும்போது, இதே கண்டியின் இன்னொரு பழைய வரலாறு நினைவுக்கு வருகிறது. கண்டிய வழக்கில் சகோதரர் இருவர் ஒரே பெண்ணை மணந்து ஒரே வீட்டில் வாழ்வதுண்டு. நிலம் துண்டாடப்படாதிருக்க அது உதவிற்று. மனைவி கணவன் வீடு செல்வது ‘தீக’ மணம். கணவன் மனைவி வீடு செல்வது ‘பின்ன’ மணம். தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்தில், 1859இன் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பலகணவ மணத்தைத் தடைசெய்து, பதிவுசெய்த மணமே மணம் என்றது. மக்களோ பலர் வழக்கப்படியே மணந்தனர், பதிவாளரை நாடவில்லை. ஊரறிய மணந்தோரின் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் முறைதவறிப் பிறந்தோராயினர். பதிவுசெய்தபின் ஊர் வழக்கப்படி பிரிந்து மறுமணம் புரிந்தோரின் பிள்ளைகளுக்கும் அதே கதி. இருவர் சம்மதத்துடனான மணமுறிவைச் சட்டம் ஏற்க, 1870இன் 3ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்பதே இம்மண்ணின் ஆதி மரபு என மேடைகளில் முழங்குவோர் இவற்றைப் படித்ததில்லை போலும்.

1883இன் தண்டனைச் சட்டக்கோவை ஒருபாலின உறவைக் குற்றமாக்கிற்று. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களையும் அதற்குள் இழுத்தது. இப்பிரிவுகளைத் திருத்தவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் கூறியது. அது நிறைவேறுமுன்பே, 2024 செப்டெம்பரில், பாராளுமன்றம் கலைக்கப்பட்டது.

குற்றமே நீங்காத இடத்தில் திருமணம் எங்கே? ஆனால் சமூகப்பணியாளரிடம் வருவோர் சட்டத்துக்காகக் காத்திருப்பதில்லை. பெற்றோரால் விரட்டப்பட்ட பெண்கள் இருவர் ஓரறையில் சேர்ந்து வாழ்கின்றனர் எனக் கொள்வோம். ஒருத்தி நோயுற்றால் மருத்துவமனையில் ஒப்பமிட மற்றவள் யார்? அவள் இறந்தால், உடலைப் பொறுப்பேற்க அழைக்கப்படுபவர் விரட்டிய தந்தையே. படிவத்தில் ‘சிநேகிதி’ என்றெழுதினால் பாதி பொய். உள்ளதை எழுதினால், உதவி நாடி வந்தவரையே பொலிஸாரிடம் காட்டிக்கொடுத்ததாகிவிடலாம்.

இந்திய உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஒருபாலினத் திருமணத்தை ஏற்க மறுத்தது. ஆயினும் 2025 மே மாதத்தில், வீட்டில் தடுத்துவைக்கப்பட்ட பெண்ணொருத்தியைத் துணைவியுடன் செல்லவிட்ட சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று எனக் கூறி, பெற்றோர் தலையிடவும் தடைவிதித்தது.