பெருநாள் மாலையும் எமது கடலும்

நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் வந்துவிட்டால் மருதமுனை தொடக்கம் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரையான கரையோரம் அஸர் தொழுகைக்குப் பின்னர் சனத்திரளால் நிறைந்துவிடுவது வழமை. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பாண்டிருப்பு, காரைதீவு, திருக்கோவில் கரைகளிலும் இதே காட்சியைக் காணலாம். பணம் செலவின்றிக் குடும்பத்துடன் சென்று காற்று வாங்குவதற்கு எமது ஊர்களில் கடற்கரையைத் தவிர வேறு இடங்கள் அதிகமில்லை. ஆகவே, கடலுக்குப் போகாதீர்கள் என்று எழுதுவதில் பயனில்லை. எப்படிப் போவது என்பதையே நாம் பேச வேண்டியுள்ளது. பெருநாளுக்கு மறுதினம் ஓர் இளைஞனின் ஜனாஸா அறிவித்தலைப் பிரசுரிப்பது எமக்கு ஒருபோதும் பழகிப்போன வேலையாக இருந்ததில்லை.

கிழக்குக் கடலுக்கு இரு முகங்கள் உண்டு. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை அது பெரும்பாலும் அமைதியாக இருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், அதாவது வாடைக் காலத்தில், அலை உயர்ந்து கரையை அரிக்கும். எம்மவர் பலர் கவனியாத விடயம் ஒன்று இங்குண்டு. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டை விடப் பத்துப் பதினொரு நாட்கள் குறைந்தது என்பதால் பெருநாள் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்கிறது. 2024 இல் ஏப்ரலில் வந்த நோன்புப் பெருநாள் 2028 இல் பெப்ரவரி இறுதியிலும், 2031 அளவில் ஜனவரியிலும் வரவுள்ளது. அமைதியான கடலில் பெருநாள் கொண்டாடிப் பழகிய பிள்ளைகள் இனிவரும் ஆண்டுகளில் கொந்தளிக்கும் கடலிலேயே இறங்கப் போகிறார்கள்.

கச்சான் காற்று வீசும் காலத்திலும் ஓர் ஆபத்து மறைந்துள்ளது. அக்காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோர நீர் குளம்போல் தோன்றும். ஆனால் காற்றடைத்த டியூப்பில் மிதக்கும் பிள்ளையைச் சில நிமிடங்களில் ஆழத்துக்குக் கொண்டு சென்றுவிடும்.

நீந்தத் தெரிந்தவனையும் கொல்வது இழுவை நீரோட்டம். கரையில் மோதிய அலைநீர் ஒடுங்கிய வாய்க்கால் போல் திரண்டு கடலுக்குத் திரும்பும் ஓட்டமே இது. இருபுறமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் நுரையின்றி, சற்றுக் கலங்கிய நிறத்தில் அமைதியாகத் தெரியும் பகுதியே அதன் பாதை. அனுபவமற்றவர் அதைத்தான் பாதுகாப்பான இடமென்று தெரிவு செய்கிறார். அதன் வேகம் சிலவேளை வினாடிக்கு இரண்டு மீற்றரையும் தாண்டும். அதனை எதிர்த்து நீந்திக் கரையேறத் திறமையான நீச்சல் வீரராலும் முடியாது. அகப்பட்டவர் பதறாமல் மிதந்தவாறு கையை உயர்த்தி உதவி கோர வேண்டும். நீந்தக்கூடியவராயின் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்திலிருந்து விலகிய பின்னரே கரையை நோக்கித் திரும்ப வேண்டும். துறைமுகத் தடுப்புச் சுவர்கள், அரிப்பைத் தடுக்கக் கொட்டப்பட்ட பாறாங்கற்கள் ஆகியவற்றின் அருகில் இத்தகைய ஓட்டங்கள் இலகுவில் உருவாகும். ஒலுவில் போன்ற இடங்களில் குளிப்போர் இதனை மனதிற்கொள்ள வேண்டும்.

முகத்துவாரங்கள் குறித்துத் தனியே சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் ஆற்றுவாய் வெட்டப்பட்டதும் வயல்வெளியில் தேங்கிய வெள்ளமெல்லாம் அவ்வழியே பாயும். முழங்காலளவு நீர்தானே என்ற எண்ணம் ஓடும் நீரில் செல்லாது. 2024 நவம்பர் 26 ஆம் திகதி காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் மதரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் புரட்டிய துயரத்துக்குப் பின்னர் இதனை இப்பிரதேச மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சம்மாந்துறை, இறக்காமம் போன்ற உட்பகுதி ஊர்களிலிருந்து வருவோர் முதலில் கரைவலை இழுக்கும் மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. எந்த அறிவித்தல் பலகையையும் விட அவருக்கு அன்றைய கடல் தெரியும். வலை இழுபடும்போது அதன் கயிற்றுக்குள்ளோ வலைக்குள்ளோ குளிக்கக் கூடாது. அபாயா, சாரம், ஜீன்ஸ் போன்ற உடைகள் நனைந்ததும் கனத்துக் காலைச் சுற்றும் என்பதால், அவற்றுடன் அலையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்வதே புத்தி. சிறுவரைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருக்க வேண்டும். மூழ்குபவர் சினிமாவில் போலக் கூக்குரலிடுவதில்லை. பெரும்பாலும் ஓசையின்றியே அமிழ்ந்து போகிறார். மஃரிபுக்கு முன்னர் அனைவரும் நீரை விட்டு வெளியேறிவிட வேண்டும்.

ஒருவர் மூழ்கினால் நீந்தத் தெரியாதவர் பின்னால் பாய்வதே இரண்டாவது மரணத்துக்குக் காரணமாகிறது. கயிறு, வெற்றுக் கான், டியூப் என மிதக்கும் எதையேனும் எறியுங்கள். கரைசேர்த்தவரைத் தோளில் போட்டுச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கி நீரெடுப்பதும் எம்மிடையே உள்ள தவறான வழக்கங்கள். அவை பொன்னான நிமிடங்களை வீணாக்குகின்றன. மூச்சில்லையெனில் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சைக் கொடுத்து, பின் நெஞ்சின் நடுவே 30 தடவை அழுத்தி, இரு தடவை மூச்சு என்ற முறையில் தொடர வேண்டும். மூழ்கியவர் அந்நியப் பெண்ணாயின் தொடலாமா எனத் தயங்கியோர் உண்டு. நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதையும் ஆகுமாக்கும் என்பது மார்க்கச் சட்ட அறிஞர் ஏற்ற விதி. அத்தயக்கத்தைப் போக்குவது உலமாக்களின் பொறுப்பு. நோயாளர் காவு வண்டிக்கு 1990, பொலிஸ் அவசர சேவைக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 ஆகிய இலக்கங்களைக் கைபேசியில் பதிந்துகொள்ளலாம்.

2004 டிசம்பர் 26 பற்றி இக்கரையில் எழுதாமல் விட முடியாது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. 10,000 இற்கும் மேற்பட்டோர் இங்கு மடிந்தனர். சுமாத்ராவில் பூமி அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களுக்குள் அலை இங்கு வந்தது. கடல் உள்வாங்கினால்தான் சுனாமி வரும் என இன்றும் பலர் நம்புகின்றனர். அது தவறு. அதிர்ந்த இடத்துக்கு மேற்கேயிருந்த எமது பக்கம் முதலில் எழுந்து வந்தது நீர்மட்டமே. உள்வாங்கல் பின்னர்தான் நிகழ்ந்தது. எனவே அடையாளத்துக்குக் காத்திராமல் எச்சரிக்கை கேட்டதும் மேற்கே, பிரதான வீதியையும் தாண்டிச் செல்ல வேண்டும். 2012 ஏப்ரல் 11 அன்று அவ்வாறு மக்கள் வெளியேறினர். பேரலை வரவில்லை. அதனை ஏமாற்றமாகக் கருதி அடுத்த எச்சரிக்கையை அலட்சியம் செய்வது மடமை.

கரையைப் பேணுவதும் சட்டப்படியான கடமையே. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உயர்நீர் எல்லையிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயமாகும். அனுமதியின்றி அதில் மண் அள்ள முடியாது. உணவுப் பொதிகளையும் உடைந்த போத்தல்களையும் விட்டுச் செல்வோர், பாதையில் கிடக்கும் தீங்கை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று ஜும்ஆப் பிரசங்கத்தில் கேட்டவர்கள்தாம்.

உள்ளூராட்சி மன்றங்களிடம் நாம் கேட்பது பெரிதன்று. ஆண்டு முழுவதும் கரையெங்கும் உயிர்காப்பாளரை நிறுத்த அவற்றிடம் வளமில்லை என்பதை ஏற்கிறோம். பெருநாள், புத்தாண்டு விடுமுறை நாட்களிலேனும் குளிக்கக்கூடிய பகுதியைச் சிவப்பு மஞ்சள் கொடிகளால் எல்லையிட்டு, பயிற்சி பெற்ற சிலரையும் கயிற்றையும் மிதவைகளையும் அங்கு வைக்கலாம். பள்ளிவாசல் நிர்வாகங்கள் பெருநாள் தொழுகை முடிந்ததும் அன்றைய கடல் நிலையை ஒலிபெருக்கியில் அறிவிக்கலாம். வளிமண்டலவியல் திணைக்களம் நாளாந்தம் வெளியிடும் கடல் பிராந்திய முன்னறிவிப்பை வாசிக்க ஒரு நிமிடம் போதும்.