காற்றுத் தூரிகை

காற்றுத் தூரிகை அல்லது ஏர்பிரஷ் என்பது, அழுத்தப்பட்ட காற்றின் துணையுடன் நீர்ம வண்ணத்தை நுண்துளிகளாகச் சிதறடித்து ஒரு பரப்பின் மீது படியச் செய்யும் கைக்கருவி ஆகும். தூரிகைத் தடம் விழாமல், ஒரு நிறம் மற்றொரு நிறத்துடன் படிப்படியாகக் கலக்கும் சாயல்களை இதன் மூலம் பெறலாம். ஒளிப்படத் திருத்தம், விளம்பர ஓவியம், வாகன அலங்காரம், கேக் அலங்காரம், ஒப்பனை முதலியவற்றில் இது பயன்படுகின்றது. வானூர்திகள், ஊர்திகள் போன்றவற்றின் சிறிய மாதிரிகளைச் செய்யும் பொழுதுபோக்காளர்களும் இதனைப் பயன்படுத்துகின்றனர்.

வரலாறு

1876 ஆம் ஆண்டில் அமெரிக்கரான பிரான்சிஸ் எட்கர் ஸ்டான்லி, ஒளிப்படங்களுக்கு வண்ணமூட்டுவதற்கான தெளிகருவி ஒன்றுக்குக் காப்புரிமம் பெற்றார். நீராவியில் இயங்கும் மகிழுந்துகளைப் பின்னாளில் தன் இரட்டைச் சகோதரருடன் சேர்ந்து தயாரித்தவர் இவரே. அயோவா மாநிலத்தைச் சேர்ந்த அப்னர் பீலர் 1879 அளவில் வேறொரு கருவியை உருவாக்கினார். அதன் உரிமையை வாங்கிய லிபர்ட்டி வாக்கப் அதற்கு 'ஏர் பிரஷ்' எனப் பெயரிட்டு விற்பனை செய்தார். சார்ல்ஸ் பர்டிக் 1890களில் உருவாக்கிய கருவியின் அமைப்பு இன்றைய கருவிகளின் அமைப்பை ஒத்தது.

இயங்கும் முறை

கருவியின் நடுவே நீண்ட ஊசி ஒன்று, நாசில் எனப்படும் கூம்பு வடிவ முனையை அடைத்தவாறு இருக்கும். முனையைச் சுற்றி விரைந்து செல்லும் காற்று அவ்விடத்தில் அழுத்தத்தைக் குறைப்பதால் வண்ணம் வெளியே இழுக்கப்பட்டுத் துளிகளாகச் சிதறுகின்றது. ஊசி பின்னோக்கி நகரும் அளவுக்கேற்ப வெளியேறும் வண்ணத்தின் அளவு கூடும்.

வகைகள்

ஒற்றைச் செயல் கருவியில் விசை காற்றை மட்டும் திறக்கும். வண்ணத்தின் அளவை முன்கூட்டியே ஒரு திருகால் அமைக்க வேண்டும். இரட்டைச் செயல் கருவியில் விசையை அழுத்தினால் காற்றும், பின்னால் இழுத்தால் வண்ணமும் வரும். பழகுவதற்குச் சற்றுக் காலம் எடுத்தாலும், கோட்டின் தடிப்பை வரையும்போதே மாற்ற இவ்வகையே ஏற்றது. பொதுப் பயன்பாட்டிற்கு 0.3 மி.மீ. அளவிலான முனையும், நுண்ணிய வேலைகளுக்கு 0.2 மி.மீ. முனையும் பயன்படுகின்றன.

தொடக்கநிலைப் பயிற்சி

புதிதாகப் பழகுவோர் சந்திக்கும் சிக்கல்களுள் பல கைத்திறன் குறைவால் அல்லாமல், வண்ணத்தின் அடர்த்தி, காற்றழுத்தம், பரப்பிலிருந்து உள்ள தொலைவு ஆகிய மூன்றும் பொருந்தாமையால் ஏற்படுகின்றன. வண்ணத்தைப் பால் போன்ற பதத்திற்கு நீர்க்கச் செய்வதும், சதுர அங்குலத்துக்கு 15 முதல் 25 பவுண்டு வரையான அழுத்தத்தில் தொடங்குவதும் வழக்கம். இரட்டைச் செயல் கருவியில் முதலில் காற்றைத் திறந்து பின்னர் வண்ணத்தைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது வண்ணத்தை முதலில் மூட வேண்டும். தாளின் மீது புள்ளிகள், நேர்கோடுகள், தடிப்பிலிருந்து மெலியும் கோடுகள், சீரான சாயல்கள் என்ற வரிசையில் பயிலலாம்.

பொதுவான பிழைகள்

* சிலந்திக் கால்கள் போல் வண்ணம் ஓடுதல்: வண்ணம் மிக நீர்த்திருத்தல், அழுத்தம் மிகுதல் அல்லது கருவி மிக அருகில் இருத்தல்.
* மணல் போன்ற சொரசொரப்பு: அழுத்தம் அல்லது தொலைவு மிகுதியால் துளிகள் பரப்பை அடையுமுன் உலர்தல்.
* விட்டுவிட்டுத் தெறித்தல்: வண்ணம் கெட்டியாக இருத்தல் அல்லது ஊசி நுனியில் உலர்ந்திருத்தல். அக்ரிலிக் வண்ணங்களில் இது மிகுதி.

தூய்மை செய்தல்

முனையினுள் உலர்ந்த வண்ணம் கருவியைச் செயலிழக்கச் செய்யும். எனவே நிறத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் உரிய கரைப்பானைத் தெளித்துக் கழுவ வேண்டும். வேலை முடிந்தபின் ஊசியைக் கழற்றித் துடைக்க வேண்டும். ஊசி நுனி சிறிது வளைந்தாலும் தெளிப்பு ஒரு பக்கமாகச் சாயும்.

பாதுகாப்பு

தெளிப்பில் உண்டாகும் நுண்துளிகள் நுரையீரலின் உட்பகுதி வரை செல்லக்கூடியவை. நீரில் கரையும் வண்ணங்களும் இதற்கு விலக்கல்ல. தூசு முகமூடி கரைப்பான்களின் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரிம ஆவிகளை உறிஞ்சும் வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம் தேவை. காட்மியம், ஈயம் அடங்கிய நிறமிகளைத் தெளித்தல் தவிர்க்கப்பட வேண்டும். எளிதில் தீப்பற்றும் கரைப்பான்களைப் பயன்படுத்தும்போது அருகில் தீச்சுடர் இருத்தலாகாது. காற்றோட்டமுள்ள இடத்திலேயே தெளிக்க வேண்டும்.