காற்று மாறும் கரைகளும் குடும்பச் சிக்கனமும்
(வாழைச்சேனைக் கடலோரத்தின் பருவப் பெயர்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு)

காலநிலைக்கேற்ப இருப்பிடத்தை மாற்றி வாழ்தல் மனித வரலாற்றில் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்வர் குளிர்காலத்தைக் கழிப்பதற்குப் பிரான்சின் தென்கரையிலுள்ள நீஸ் நகரை நாடினர். சென்னை அரசாங்கத்தார் கோடையில் உதகமண்டலத்திற்கும், இலங்கையின் ஆங்கில அதிகாரிகள் நுவரெலியாவிற்கும் ஏறினர். இன்று கனடாவின் முதியோர் பலர் பனிக்காலத்தில் புளோரிடாவிற் குடியிருக்கின்றனர். இவர்களுட் பெரும்பாலார் சுகம் நாடிப் பெயர்ந்தவர்கள். இரு வீட்டுச் செலவைத் தாங்கும் வசதி படைத்தவர்கள். ஆயின், பிழைப்பின் பொருட்டே ஆண்டுதோறும் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பெயர்ந்த மக்களும் உளர். அவர்களின் வரவு செலவுக் கணக்கை வரலாறு போதியளவு கவனித்ததில்லை. வாழைச்சேனை, கல்குடாக் கரையோடு தொடர்புற்ற மீனவரின் பருவப் பெயர்வு அத்தகையது.

காற்றின் ஆட்சி

இலங்கைக் கடலை இரு பருவக்காற்றுகள் ஆளுகின்றன. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று வீசுங்கால் நீர்கொழும்பு, சிலாபம் முதலிய மேற்குக் கரைகளிற் கடல் கொந்தளிக்கும். அதே காலத்திற் கிழக்குக் கரையிற் கடல் அமைதியுற்றிருக்கும். கச்சான் காற்று தரையிலிருந்து கடல் நோக்கி வீசும் அம்மாதங்களிற் பாசிக்குடாவின் ஆழமற்ற நீர் குளம்போற் கிடப்பதைக் காணலாம். கார்த்திகை பிறந்து வாடை எழுந்ததும் நிலைமை தலைகீழாகும். மட்டக்களப்பு மாவட்டத்தின் ஆண்டு மழையிற் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் சனவரிக்கும் இடையிலேயே பெய்கிறது. அப்போது கிழக்குக் கடல் மூடப்பட்ட கதவு; மேற்குக் கடலோ திறந்த வாசல்.

எனவே, மேற்குக் கரை மீனவன் தன் ஊரிலேயே இருந்தால் ஆண்டின் ஏறத்தாழ அரைப்பகுதி வருமானமின்றி இருக்க நேரும். அமைதியான கடலைத் தேடி அவன் கிழக்கே வந்தமைக்கு இதுவே அடிப்படை. நீர்கொழும்பின் கடலோரத்தார் நெடுங்காலம் தமிழும் வழங்கியவர்கள் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. கிழக்குக் கரை மக்களோடு கொடுக்கல் வாங்கல் செய்வதற்கு அது துணையாயிற்று.

தொடக்கத்திற் பாய்க்கப்பலே வழியாக இருந்தது. 1928இல் மட்டக்களப்புப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டதும் பயணத்தின் தன்மை மாறிற்று. வாழைச்சேனையும் கல்குடாவும் அப்பாதையின் நிலையங்களாயின. வலையும் ஆளும் வந்த அதே வழியிற் கருவாட்டுச் சிப்பங்கள் கொழும்புக்குச் சென்றன. பின்னர் பனிக்கட்டியும் லொறியும் வந்தபோது பச்சை மீனும் தலைநகரச் சந்தையை அடைந்தது.

வாடியின் வரவு செலவு

பெயர்ந்து வந்தோர் கரையில் அமைத்த தற்காலிகக் குடியிருப்பு வாடி எனப்பட்டது. கம்பும் கிடுகும் கயிறுமே அதன் மூலப்பொருள்கள். பருவம் முடிந்ததும் அது கைவிடப்படும். வீட்டு வாடகை என்பது இல்லை. விறகைக் கடற்கரைக் காடு தந்தது. கறிக்கு வேண்டிய மீன் வலையிலேயே கிடைத்தது. பலர் ஓர் உலையில் உண்டமையால் ஆளொருவருக்கான உணவுச் செலவு குறைந்தது. இவை வெளிப்படையான சிக்கனங்கள்.

ஆயின், கணக்கின் மறுபக்கமும் உண்டு. கரைவலைத் தொழில் தனியொருவன் செய்யக்கூடியதன்று. கயிற்றின் ஒரு தலை கரையில் நிற்க, தோணி வலையை வளைத்து விட்டுக்கொண்டு சென்று மறுதலையைக் கரை சேர்க்கும். பின்னர் இரு அணியினர் நின்று இழுப்பர். இதற்கு இருபதுக்கு மேற்பட்ட ஆட்கள் வேண்டும். வலையும் தோணியும் சம்மாட்டிக்கு உரியவை. விற்ற பணத்திலிருந்து உணவு முதலிய பொதுச் செலவுகள் முதலிற் கழிக்கப்படும். எஞ்சியதில் வலைக்கொரு பங்கும் ஆட்களுக்கொரு பங்கும் பிரிக்கப்படும். ஊரை விட்டுப் புறப்படுமுன்பே குடும்பத்தின் கைச்செலவுக்காக ஆள் முற்பணம் பெற்றிருப்பான். அம்முற்பணம் தீரும்வரை அவன் அவ்வலையை விட்டு வேறு வலைக்குப் போதல் இயலாது. சம்மாட்டியும் மீன் முதலாளியிடம் கடன்பட்டவனாயின், மீனின் விலையை முதலாளியே நிர்ணயித்தான். ஆகவே, வாடியிற் சேமித்த பணத்தின் ஒரு பகுதி சேமிக்கப்படுமுன்பே செலவாகிவிட்டது எனலாம்.

இக்கணக்கிற் பெரிதும் மறைந்து நிற்பது பெண்ணின் பங்காகும். ஆண் மட்டும் பெயர்ந்த குடும்பத்தில் இரண்டு அடுப்புகள் எரிந்தன. ஊரில் நின்ற மனைவி பிள்ளைகளைப் பேணி, கடைக்கடனைச் சமாளித்து, நகையை அடகு வைத்து மீட்டு, கணவன் திரும்பும்வரை குடும்பத்தை நடத்தினாள். குடும்பமாகப் பெயர்ந்தவிடத்து அடுப்பு ஒன்றாயிற்று. கருவாடு உணர்த்துவதிற் பெண்ணின் உழைப்பும் சேர்ந்தது. ஆனாற் பிள்ளைகளின் பள்ளிப்படிப்பு தடைப்பட்டது. முதல்வகைச் செலவு பணத்திற் கணிக்கப்பட்டது. இரண்டாம் வகைச் செலவை எவரும் கணக்கில் எழுதவில்லை.

கரைக்குரியோரின் கணக்கு

வந்தோரின் வரவு மட்டுமே வரலாறாகாது. வாழைச்சேனை, பேத்தாழை, நாசிவன்தீவு முதலிய ஊர்களின் மக்கள் இடம்பெயராமலே பருவத்தோடு இசைந்து வாழ்ந்தனர். கடல் மூடிய மாரியில் அவர்களுக்கு வாவி இருந்தது. வெள்ளம் பெருகி முகத்துவாரம் ஓடும் காலத்தில் இறாலும் நண்டும் வீச்சுவலைக்கு அகப்பட்டன. பெரும்போக வேளாண்மை அறுவடையாகும் மாசி, பங்குனியில் வயற்கூலி நெல்லாகக் கிடைத்தது. கோடையிற் கடல், மாரியில் வாவி, இடையில் வயல். மேற்குக் கரையான் நூற்றுக்கணக்கான மைல் கடந்து பெற்ற ஆண்டு முழுவதற்குமான தொழிலை, வாழைச்சேனையான் ஒரு சில மைல் எல்லைக்குள் பெற்றான். 1956இல் உற்பத்தியைத் தொடங்கிய வாழைச்சேனைக் காகித ஆலை வைக்கோலையும் மூலப்பொருளாக்கியபோது, அறுவடையின் கழிவும் சிலருக்குப் பணமாயிற்று; மாதச் சம்பளம் என்ற, காற்றுக்குக் கட்டுப்படாத வருமானமும் ஊருக்குள் நுழைந்தது.

இங்குச் சேமிப்பின் வடிவமும் வேறு. மட்டக்களப்புப் பகுதியில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகச் சேர்வது மரபு. ஆகவே நல்ல பருவத்தின் மிச்சம் மகளுக்கான வீட்டின் சுவராகவும் கூரையாகவும் மாறிற்று. இடம் விட்டு இடம் செல்லும் மீனவன் தன் சேமிப்பை வலையிலும் நகையிலும் வைத்தான். இடம் விட்டகலாத மீனவன் அதனை நிலத்தில் நாட்டினான்.

வந்தோரால் ஊருக்கு ஊதியமும் உண்டாயிற்று. கிடுகு, அரிசி, தேங்காய் ஆகியவற்றிற்கு வாங்குவோர் கிடைத்தனர். கூலிக்கு வலை இழுக்கும் வேலையும் கிடைத்தது. அதேவேளை பாடு எவருக்குரியது என்ற வினாவும் எழுந்தது. கரைவலை எல்லா இடத்திலும் வளைக்கக்கூடியதன்று. கல்லும் பாரும் அற்ற கரை வேண்டும். அத்தகைய பாடுகள் சிலவே. 1940ஆம் ஆண்டின் கடற்றொழிற் கட்டளைச் சட்டமும் 1996ஆம் ஆண்டின் சட்டமும் தொழிலை ஒழுங்குபடுத்த முனைந்தன. எனினும் சட்டத்தின் எழுத்துக்கும் கரையின் வழக்கத்துக்கும் இடையே இடைவெளி நீடித்தது.

முறிந்த பருவம்

1950களின் பிற்பகுதியிலிருந்து இயந்திரப் படகும் நைலோன் வலையும் பரவின. ஒரே கரையில் நின்று ஆழ்கடலுக்குச் செல்ல இயன்றவனுக்குப் பெயர்வின் தேவை குறைந்தது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறுபடகுக்காரனுக்கோ பெயர்வு எளிதாயிற்று. ஆனால் எரிபொருட் செலவு என்ற புதிய வரி கணக்கில் ஏறிற்று. கடன் மறையவில்லை, வடிவம் மாறிற்று.

1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி வீட்டையும் தென்னையையும் ஒருங்கே வீழ்த்திற்று. 1983இன் பின் விரிந்த யுத்தம் பருவப் பெயர்வின் தொடர்ச்சியைக் குலைத்தது. கடலுக்குச் செல்வதற்கே தடையும் அனுமதியும் என்ற நிலை வந்தபோது, வந்து போனோர் மட்டுமன்றிக் கரைக்குரியோரும் கோடைக் கடலை இழந்தனர். வாவி மட்டுமே எஞ்சியது. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை எஞ்சிய வலையையும் தோணியையும் கொண்டுசென்றது. பல தலைமுறைகளாக வீட்டின் சுவராக நாட்டப்பட்ட சேமிப்பு சில நிமிடங்களில் அழிந்தது.

யுத்தம் 2009இல் முடிந்தபின் பாசிக்குடாவில் விடுதிகள் எழுந்தன. அவற்றையும் அதே காற்றே ஆளுகிறது. ஐரோப்பியர் குளிருக்கு அஞ்சி வெயிலைத் தேடும் மார்கழியிற் பாசிக்குடாவில் மழை பெய்கிறது. அவர்கள் தென்மேற்குக் கரையையே நாடுகின்றனர். கிழக்கின் உல்லாசப் பருவம் ஆண்டின் நடுப்பகுதியிலேயே அமைகிறது. கரைவலைக்கு உகந்த அதே மாதங்களில் அதே மணற்கரையை விடுதியும் வேண்டி நிற்பதே இன்றைய சிக்கலின் மூலம்.

முடிபு

மேற்கூறியவற்றால் இரண்டு உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, உழைப்பவனுக்குப் பருவப் பெயர்வு இலாபம் தேடும் வழியன்று. அரையாண்டு வெறுமையையும் அதனால் ஏறும் வட்டியையும் தவிர்க்கும் வழி. அவனது சிக்கனம் மலிவான வாழ்விலன்று, வேலையற்ற நாளைக் குறைப்பதிலேயே இருந்தது. இரண்டாவது, அச்சிக்கனத்தின் விலையை வீட்டில் நின்ற பெண்ணும், பள்ளியை விட்ட பிள்ளையும், கரையைப் பகிர்ந்த ஊரும் செலுத்தினர்.

ஆகவே, பெயர்ந்து வருவோரின் உரிமையைப் பேசுங்கால் கரைக்குரியோரின் கோடைக் கடலையும், கரைக்குரியோரின் உரிமையைப் பேசுங்கால் மறுகரையின் மூடிய கடலையும் ஒருசேர எண்ணுதல் வேண்டும். பாடுகளின் எண்ணிக்கை, தங்கும் காலம், ஊருக்குச் செலுத்தவேண்டிய பங்கு ஆகியவை இரு கரைகளின் மீனவர் சங்கங்களும் ஒப்பும் வகையில் எழுத்தில் அமையுமாயின், பிணக்குகள் பல பருவம் தொடங்குமுன்பே தீரும். காற்று இரு கரைகளுக்கும் முறைவைத்தே வீசுகிறது. மனிதர் வகுக்கும் முறையும் அவ்வாறே அமைதல் தகும்.