கட்டிட்டு வந்துடலாம்

கம்போங் மேடானில் யாராவது ரோட்புளோக்கில் ஊதி மாட்டிக்கொண்டால், மறுநாளே விஷயம் புளோக் முழுக்கத் தெரிந்துவிடும். கூடவே ஆலோசனையும் வரும்: "மொத தடவதானே, லாயர்லாம் எதுக்கு? தப்ப ஒத்துக்கிட்டு கட்டிட்டு வந்துடு." இதைக் கேட்டே வளர்ந்தவன் நான். இந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

அதில் பாதி தோட்டத்தில் தொடங்குகிறது. கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. கொடுத்த கூலியில் ஒரு பங்கு அங்கேயே திரும்பிப் போனது. குடித்துத் தகராறு செய்தவனைக் கிராணியும் துரையும் விசாரித்தார்கள். தன் பக்கம் பேச ஓர் ஆள் வைக்கலாம் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் ஆர்.எச். நாதனும் தொழிலாளர்களும் வைத்த கோரிக்கைகளில், சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளத்தோடு கள்ளுக்கடைகளை மூடுவதும் இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிக்கச் சொன்னதும் அதே பட்டியல்தான். நாதனை நாடு கடத்தினார்கள். ராணுவம் வந்தது, சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். பின்னால் தோட்டங்கள் வீடமைப்பாக மாறியபோது, பழைய கிள்ளான் சாலைப் பக்கம் வந்து குடிசை போட்டவர்களோடு அந்தப் பயமும் வந்தது.

மறுபாதி சட்டத்தில். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் பழைய அளவு, 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம். அந்தக் காலத்தில் பிரிட்டனில் இருந்த அதே எண். அளவைத் தாண்டி ஓட்டியதற்கு அபராதம் 1,000 வெள்ளியில் தொடங்கியது. கடன் வாங்கியாவது கட்டிவிடலாம். அப்போது அந்த ஆலோசனை ஓரளவு சரிதான்.

2020இல் அடுத்தடுத்து நடந்த விபத்து மரணங்களால் எழுந்த கோபத்தில் சட்டம் திருத்தப்பட்டது. அக்டோபர் 23 முதல் அளவு 22 மைக்ரோகிராம். முதல் குற்றத்துக்கே அபராதம் 10,000 முதல் 30,000 வெள்ளி, சிறை 2 ஆண்டு வரை, லைசன் குறைந்தது 2 ஆண்டுக்கு இல்லை. லோரியோ கிராப்போ ஓட்டுகிறவனுக்கு அபராதத்தைவிட இந்தக் கடைசித் தண்டனைதான் அடி வயிற்றில் விழுவது. எங்கள் வட்டாரத்தில் யார் வீட்டில் டிரைவர் இல்லை?

திருத்தம் சரியானது என்றே நினைக்கிறேன். செத்தவர்கள் பக்கம் நின்று பார்த்தால் வேறு எப்படி நினைப்பது? ஆனால் ஆலோசனை மட்டும் 1,000 வெள்ளிக் காலத்திலேயே நிற்கிறது.

லாயர் வைத்தால் தப்பிக்கலாமா? குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு 10,000க்குக் கீழே எந்த லாயராலும் இறக்க முடியாது. "செட்டில் பண்ணித் தர்றேன்" என்பவனுக்குக் கொடுக்கும் காசு வீண். லாயருக்கு வேலை அதற்கு முன்புதான்: சோதனையை முறைப்படி எடுத்தார்களா, அறிக்கையில் என்ன எண் இருக்கிறது, அரசுத் தரப்புக்கு எழுதிப் பார்க்க இடமுண்டா என்று பார்ப்பது. இதெல்லாம் இல்லையென்றால், தண்டனை அடிமட்டத்தைத் தாண்டாமல் இருக்க மன்றாடுவது. டிரைவர் என்றால் இதற்காகவாவது ஒரு லாயரைப் பார்த்துவிட வேண்டும் என்பேன்.

விரும்பிய வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமை அரசமைப்பின் 5ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ஆனால் கைதானவரிடம் போலீஸ் அதைச் சொல்லியாக வேண்டும் என்ற விதி 2007இல்தான் வந்தது. 2001 மார்ச்சில் எங்கள் பகுதியில் கலவரம் நடந்து 6 பேர் இறந்து, பலரைப் பிடித்துக்கொண்டு போனபோது அந்த விதி இல்லை. காசில்லாதவருக்காகத் தேசியச் சட்ட உதவி அறவாரியம் 2012இல் வேலையைத் தொடங்கியது. அதன் லாயர்கள் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு வருகிறார்கள். பேரைக் கூப்பிட்டு, குற்றச்சாட்டை வாசித்து, "புரிகிறதா?" என்று கேட்பதற்குள் அவர்களில் ஒருவரைத் தேடிப் பிடித்துவிட வேண்டும்.