வேட்டைத் தடமும் குடியேற்றவாதமும்: சாமுவேல் பேக்கரின் இலங்கை நூல்கள் பற்றிய ஒரு குறிப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையின் சமூக வரலாற்றை ஆராய்வோர் அரசாங்க அறிக்கைகளுக்கும் சட்டங்களுக்கும் அளிக்கும் கவனத்தை வேட்டை நூல்களுக்கு அளிப்பதில்லை. ஓய்வுநேர வாசிப்புக்குரியன என இந்நூல்கள் ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. ஆயின், அரச ஆவணம் மறைக்கும் உறவுகளை வேட்டைக்காரனின் பெருமிதம் தன்னையறியாது வெளிப்படுத்தி விடுவதுண்டு. நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று 1864இல் அல்பேட் ஏரியை அடைந்தவர் எனப் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், அதற்கு முன்னர் இலங்கையில் வேட்டையாடியவர். அவ்வனுபவங்களை ‘இலங்கையில் துவக்கும் வேட்டைநாயும்’, ‘இலங்கையில் எட்டாண்டு அலைவுகள்’ எனப் பொருள்படும் தலைப்புகளைக் கொண்ட இரு நூல்களில் எழுதினார். 1850களில் வெளிவந்த அந்நூல்களின் வழியே அவர் சென்ற தடத்தை இனங்காண்பதும், அத்தடம் யாருடைய நிலத்தின்மீது சென்றது என வினவுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இடங்களை நோக்குவோம். பேக்கரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் வாசகனை மருளச் செய்வது. ‘இல்லெப்பெகடவே’ என்பதுபோல ஒலிக்குமாறு அவர் எழுதும் ஊர் மன்னார்ப் பகுதியிலுள்ள இலுப்பைக்கடவையே. இலுப்பை மரத்தையும் கடந்து செல்லும் வழியையும் குறிக்கும் இரு தமிழ்ச் சொற்கள் அங்கு மான் வேட்டைக்குரிய வெறும் இடக்குறியாகச் சுருங்கி விடுகின்றன. ‘கட்ரகம்’ என அவர் குறிப்பது கதிர்காமம். அதன் திருவிழாவைப் பற்றிய செய்தியும் யால ஆற்றோர யானை வேட்டையும் ஒரே அத்தியாயத்தில் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. வடமத்திய பகுதியில் மின்னேரியாக் குளமும் பொலன்னறுவை இடிபாடுகளும், கிழக்கே விந்தனைக் காடுகளும், மலைநாட்டில் நுவரெலியாவும் ஹோட்டன் சமவெளியும் அவரது ஏனைய வேட்டைக் களங்கள். ஹோட்டன் சமவெளியில் அவர் நாய்களைக் கொண்டு துரத்திக் கத்தியால் கொன்ற ‘எல்க்’ என்பது ஐரோப்பாவின் அவ்விலங்கன்று. நம்மவர் மரை என வழங்குவதே அது. ஊருக்கும் விலங்குக்கும் பிறிதொரு பெயரிடுதல் அவற்றை உடைமையாக்குவதன் முதற்படி எனலாம்.

இனி, முதல் நூலின் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். அதிற் குறிக்கப்பெறுவன இரு பொருட்கள்: துவக்கு, நாய். 1848ஆம் ஆண்டு டொரிங்டன் தேசாதிபதியின் ஆட்சி கண்டிப் பகுதி விவசாயி மீது சுமத்திய புதிய வரிகளில் இவ்விரண்டுமே அடங்கியிருந்தன. துவக்கொன்றுக்கு 2 சிலிங் 6 பென்சும், நாயொன்றுக்கு 1 சிலிங்கும் விதிக்கப்பட்டன. இவற்றோடு, ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய்தல் அல்லது 3 சிலிங் செலுத்துதல் என்ற கட்டாயமும் சேர்ந்தது. சேனைப் பயிரைப் பன்றியிலிருந்தும் யானையிலிருந்தும் காப்பதற்கு விவசாயிக்குத் துவக்கும் நாயும் உற்பத்திச் சாதனங்களாகும். அவ்வாண்டு ஜூலையில் மாத்தளையில் கிளர்ச்சி மூண்டது. ஆகஸ்டில் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். அதே 1848இல் பேக்கரின் நுவரெலியாக் குடியேற்றத் திட்டம் ஆட்களோடும் கருவிகளோடும் கால்நடைகளோடும் வேட்டைநாய்க் கூட்டத்தோடும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறியது. சட்டத்தின் எழுத்து யாவருக்கும் பொதுவாயிருக்கலாம். எனினும், ஒருவனுக்கு உயிர்வாழ்வின் கருவியாயிருந்தது மற்றவனுக்குப் பொழுதுபோக்கின் கருவியாயிருந்தது. வரியின் கனம் இவ்வேறுபாட்டினாலேயே நிர்ணயமாயிற்று. கிளர்ச்சியின் பின்னர் துவக்கு, நாய் வரிகள் கைவிடப்பட்டமையும் 1850இல் டொரிங்டன் திருப்பியழைக்கப்பட்டமையும் மக்கள் எதிர்ப்பின் வலிமைக்குச் சான்றாகும். வீதி வரியோ நிலைத்து நின்றது. பெருந்தோட்டத்துக்கு வீதி இன்றியமையாததாயிருந்தது.

இவ்விடத்தில் நிலத்தைப் பற்றிய கேள்வி எழுகின்றது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காடுகளையும் பயிரிடப்படாத நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டது. தலைமுறைகளாகச் சேனை செய்தும் தேனெடுத்தும் வேட்டையாடியும் வந்த கிராமத்தவனிடம் உறுதி இருக்கவில்லை. பேக்கரோ ஏக்கர் ஒன்று 20 சிலிங் விலையில் அரசிடமிருந்து நுவரெலியாவில் நிலம் வாங்கினார். வேட்டையும் நிலக் கொள்வனவும் அவரது வாழ்வில் ஒன்றையொன்று தொடர்ந்தமை தற்செயலன்று. காட்டுக் காய்ச்சலிலிருந்து தேறுவதற்காக நுவரெலியாவுக்குச் சென்ற வேட்டைக்காரரே அங்கு பண்ணையாளராகத் திரும்பி வந்தார்.

யானை வேட்டை தனிமனித வீரம் மட்டுமன்று. அது அரச கொள்கையாகவும் இருந்தது. எமேர்சன் டெனென்ற் 1859இல் வெளியிட்ட நூலில் தரும் கணக்கின்படி, 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளுக்கும், 1851க்கும் 1856க்கும் இடையில் தென் மாகாணத்தில் 2,000 யானைகளுக்கும் அரச வெகுமதி பெறப்பட்டது. மேஜர் றோஜர்ஸ் 1,400 யானைகளைக் கொன்றவர் எனப்பட்டார். அடுத்த நிலைகளில் இருந்தோருள் வீதி ஆணையாளரான ஸ்கின்னரும் ஒருவர். வீதி அமைத்தவரும் யானை கொன்றவரும் ஒருவராயிருந்தமை மனங்கொள்ளத்தக்கது. யானை நீங்கிய காட்டில் வீதி சென்றது. வீதி சென்ற இடத்தில் கோப்பி வந்தது. கோப்பிக்காகத் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி வடபாதை வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் அப்பாதையில் மடிந்தோர் பலர். பேக்கர் மான் வேட்டையாடிய மன்னார்ப் பகுதியே அவர்களின் துயர்ப் பயணம் தொடங்கிய பகுதியுமாகும்.

பேக்கர் கூரிய நோக்குடையவர் என்பதை மறுத்தல் நியாயமன்று. பொலன்னறுவையின் இடிபாடுகளில் அழிந்துபோன ஒரு பெருஞ் சமுதாயத்தை அவர் கண்டார். காட்டறிவில் தேர்ந்த முஸ்லிம் வேட்டைக்காரரின் திறமையையும் அவர் அறிவார். வடக்கிலும் வடகிழக்கிலுமுள்ள முஸ்லிம் கிராமங்களில் வாழ்ந்து, கயிறு கொண்டே யானை பிடித்த பணிக்கர்களை டெனென்ற் விரிவாகப் பேசுகிறார். ஆனால், பேக்கரின் பக்கங்களில் ‘ஸ்மட்’, ‘கில்பக்’, ‘பிரான்’ என நாய்களுக்குப் பெயரும் குணமும் வரலாறும் உண்டு. தடம் பார்த்தவர்க்கும் சுமை தூக்கியவர்க்கும் ஓரிருவரைத் தவிரப் பெயரில்லை. இது எழுத்தாளர் ஒருவரின் மறதியன்று. ஒரு வர்க்கத்தின் பார்வை.

விலங்குகள் அருகியபோது அதே வர்க்கமே காப்புச் சட்டங்களுக்காகவும் குரலெழுப்பியது. 1894இல் வேட்டை விலங்குகள் பாதுகாப்புச் சங்கம் உருவாயிற்று. 1900இல் யால ஒதுக்ககமாயிற்று. அதனையடுத்த பகுதி நாட்டிலுறையும் வேட்டைப் பிரியர்களுக்கென விடப்பட்டது. 1938இல் யால தேசியப் பூங்காவாயிற்று. காப்பு வேண்டப்பட்டதே என்பதில் ஐயமில்லை. ஆனால், அழிவுக்குக் காரணமான வேட்டை ‘விளையாட்டு’ எனவும், வயிற்றுக்காக நிகழ்ந்த வேட்டை ‘களவு’ எனவும் பிரிக்கப்பட்டமை அச்சட்டங்களின் வர்க்கத் தன்மையாகும்.

இன்று ஹோட்டன் சமவெளியில் யானை இல்லை. மரை உண்டு. அங்குள்ள நீர்வீழ்ச்சியொன்று பேக்கரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருக்கு முன்னே காட்டில் நடந்து தடம் காட்டியவனின் பெயரை எந்த நீர்வீழ்ச்சியும் தாங்கவில்லை. அத்தகையோரின் காட்டறிவும் வாய்மொழி மரபும் மன்னார்க் கிராமங்களிலும் மட்டக்களப்புப் பகுதியிலும் விந்தனையிலும் முற்றாக மறையுமுன் திரட்டப்பட வேண்டும். பேக்கரின் நூல்களுக்கு அருகே வைத்துப் படிப்பதற்கு நமக்கு வேண்டிய மறுபாதி அதுவே.